மெர்சி மச்சாள் சுகமா?

கிங்ஸ்பரி, லண்டன்
2025 பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணைக்கு,

கௌரி எழுதிக்கொள்வது. நானும் இவரும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். குளிர்தான் எலும்பு வரை போகிறது. உங்கள் முழங்கால் எப்படி? மெர்சி மச்சாளுக்குப் பிரஷர் குளிசை ஒழுங்காகக் கிடைக்கிறதா?

போனில் கேட்கலாமே என்பீர்கள். லைன் கிடைக்கிற நாளிலும் போனில் "ஓம், ஓம், எல்லாம் சரி" என்பதற்கு மேல் நீங்கள் ஒரு சொல் பேசியதில்லை. சாம்பியாவில் இத்தனை காலம் இங்கிலீஷில் கணக்குப் படிப்பித்த மனுஷன், எனக்குத் தமிழில் எழுதும்போது மட்டும்தான் வாய் திறக்கிறீர்கள். ஆகவே வழக்கம்போலத் தாளில் எழுதிப் படமெடுத்து, மச்சாளின் தம்பி கொட்வின் ரவுணுக்குப் போகும்போது போனைக் கொடுத்துவிடுங்கள். சிக்னல் கிடைத்ததும் அவர் அனுப்பிவிடுவார்.

நல்ல செய்தி ஒன்று. கம்சிகாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. மிருகங்களைக் காக்கும் அமைப்பு ஒன்றில். ஆப்பிரிக்காவில் காசு கட்டிச் சிங்கமும் யானையும் சுட்டு, தலையையும் தோலையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவருகிறார்களாமே, அதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய போராட்டம். இவள் போய், "என்ரை மாமா அந்தக் காட்டுக்குப் பக்கத்திலதான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். மேலாளர் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் இருக்கும் ஒருவருடைய வாயால் வரும் சொல் வேண்டுமாம்.

நீங்கள் கண்டதை எழுதுங்கள். பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். நான் வாசித்து இங்கிலீஷில் சொல்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
சிவகௌரி

~

2025 ஏப்ரல் 27

அன்புத் தங்கச்சி கௌரிக்கு,

உன் கடிதம் மழைக்குள் வந்தது, பதில் மழை விட்டபின் போகிறது. பாதை இப்போதுதான் காய்ந்தது. என் முழங்கால் தன் பாட்டில் முனகுகிறது, நான் காது கொடுப்பதில்லை. கம்சிகாவுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் மெர்சி அன்றைக்குக் கோழி அடித்தாள்.

வேட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முதலில் கெட்டதைச் சொல்கிறேன். போன வருஷம் வேட்டைக் கம்பனி கூட்டிவந்த ஆள் ஒருவர் சுட்ட சிங்கத்தை நான் பார்த்தேன். ஆறு வயதாகாத சிங்கத்தைச் சுடக்கூடாது என்பது விதி. வயது போகப் போகச் சிங்கத்தின் மூக்கில் கறுப்பு ஏறும். இதன் மூக்கு பூனைக்குட்டியின் மூக்கைப்போல ரோஸ் நிறமாக இருந்தது. ஆள் பக்கத்தில் முழந்தாளிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேட்டைப் பணத்தில் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. அது ஊர்ச்சபைக்கு வருகிறது. பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் சபைத் தலைவர் தன் புது மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். எங்கள் ஊர்க் கிளினிக்கின் ஒழுகும் கூரைக்கு இந்த வேட்டையால் ஒரு நன்மையும் வரவில்லை. மழை பெய்தால் நோயாளிகளே கட்டிலை இழுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

இனி மற்றது. கொட்வினும் கூட்டாளிகளும் வனக் காவலர்களாகச் சம்பளம் வாங்குவது அதே வேட்டைப் பணத்தில்தான். அவர்கள் காட்டுக்குள் நடந்து திரிவதால்தான் மானுக்குச் சுருக்குக் கம்பி கட்டுகிறவன் பயப்படுகிறான். ஆற்றுக்கு அக்கரையிலும் இப்படி ஒரு காடு இருந்தது. நட்டம் என்று கம்பனி விட்டுவிட்டுப் போனது, காவலர்கள் வீட்டுக்குப் போனார்கள், மரம் வெட்டிக் கரி சுடுகிறவர்கள் வந்தார்கள். இப்போது அங்கே சிங்கமும் இல்லை, சிங்கம் தின்ன மானும் இல்லை. நான் போய் நடந்து பார்த்தேன். ஒரு கால்தடம் இல்லை. படம் பிடிக்கிற உல்லாசப் பயணிகள் வரலாமே என்று கம்சிகா கேட்பாள். எங்கள் பக்கம் ஒழுங்கான பாதை இல்லை, கடிக்கிற ஈயோ நிறைய. அவர்கள் அங்கால் இருக்கும் பூங்காவோடு நின்றுவிடுகிறார்கள். சோளம் முற்றும்போது யானை வந்தால் வெடி போட்டு விரட்டுவதும் கொட்வின்தான். போன மாதம்கூட எங்கள் வேலி வரை வந்தது.

ஆகவே பிள்ளையிடம் சொல்: திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் காவலர்களுக்கு வேறு வழி செய்யாமல் வேட்டையை நிறுத்தினால் எங்கள் கரையும் அக்கரையைப்போல ஆகிவிடும். எனக்கே இதில் முடிவான விடை தெரியாது. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வெட்கம் வேறு இல்லை. இரண்டு பக்கத்தையும் வாசித்துச் சொல்லு.

மெர்சி சுகம். உன் சுகம் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அண்ணை கணேசலிங்கம்

~

கிங்ஸ்பரி
2025 மே 11

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. யானை வேலி வரை வந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். கதவைப் பூட்டிப் படுங்கள்.

கம்சிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். முக்கியமானதை வாசித்தேன். அந்தச் சிங்கத்தின் மூக்கு வந்த இடத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளினிக் கூரையையும் எழுதிக்கொண்டாள். அதற்குள் அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துவிட்டது, பிறகு அவளுக்கும் நேரம் இல்லை.

உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை. யூனிவர்சிட்டி முடித்த பிறகு இரண்டு வருஷம் இந்தப் பிள்ளை அறைக் கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்று படியில் குந்தியிருந்தவள் நான். இப்போது காலையில் தலை வாரி இழுத்து, கோட்டுப் போட்டு, "போட்டு வாறன் அம்மா" என்று ஜூபிலி லைன் ரயிலுக்கு ஓடுகிறாள். ஆறு மாதம் புரோபேஷன். மாமாவின் கடிதத்தை வைத்துத்தான் மேலாளர் அவளை மதிக்கத் தொடங்கியிருக்கிறாராம். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்தக் கதவு திரும்ப மூடக்கூடாது.

பார்சலில் மிளகாய்த்தூள் போட்டிருக்கிறேன். மெர்சி மச்சாளுக்கு என் அன்பு.

உங்கள்,
கௌரி

~

கிங்ஸ்பரி
2025 ஜூன் 15

அன்புள்ள மாமா,

வணக்கம். நான் கம்சிகா. நான் நலம். நீங்களும் மெர்சி மாமியும் நலமா? இது நான் எழுதும் முதல் தமிழ்க் கடிதம். ஹரோ தமிழ் வகுப்பில் "என் பசு" என்று கட்டுரை எழுதினேன், அதற்குப் பிறகு இதுதான். பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம். அம்மாவிடம் காட்டவில்லை, திருத்தித் திருத்தி என் கடிதத்தை அவருடைய கடிதமாக்கிவிடுவார்.

எங்கள் அறிக்கை வந்துவிட்டது. முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் ஊரும் இருக்கிறது. "ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்கிறார்: இளம் சிங்கத்தைக் கொன்றார்கள், பணம் ஊருக்கு வரவில்லை, வேட்டையால் ஒரு நன்மையும் இல்லை." எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றக் கட்டடத்தில் எம்.பி.மார் சிலர் கூடிக் கேட்கப் போகிறார்கள். அங்கே நான் பேசுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் உங்கள் சொல் என்னிடம் இருக்கிறது.

நான் சரியாக எழுதியிருக்கிறேன்தானே மாமா?

அன்புடன்,
கம்சிகா

~

2025 ஜூலை 13

கௌரிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

என் கடிதத்தை எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினாய்? பருப்பு பொங்கிய இடத்தில்தானே?

வேட்டைக் கம்பனியின் மனேஜர் அந்த அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுவந்து ஊர்க் கூட்டத்தில் வாசித்தார். இங்கிலாந்தில் இருந்து வரவிருந்த இரண்டு குழு இந்த வருஷம் வரவில்லையாம். அதற்கு இந்தத் தாள்தான் காரணமோ என்னவோ, எனக்குத் தெரியாது. கூட்டத்தில் என்னை எழுப்பி, "இது நீங்கள் சொன்னதா, ஆசிரியரே?" என்று கேட்டார்கள். கொட்வின் முன்வரிசையில் யூனிஃபோமோடு இருந்தான். இல்லை என்றால் என் மருமகள் பொய் எழுதினாள் என்று ஆகும். ஓம் என்றால் நான் பொய்யன். பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றால் இங்கே ஓம் என்றுதான் அர்த்தம்.

கம்சிகாவுக்கு மிச்சத்தையும் வாசித்துச் சொல்லு. அவள் கேட்ட கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

நான் சுகம்.

கணேசலிங்கம்

~

கிங்ஸ்பரி
2025 ஜூலை 20

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. பக்கத்து வீட்டார் குழந்தைகளுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு நாள் முழுக்கச் சத்தம். இவருக்குக் கண் ஒப்பரேஷனுக்கு நாள் வந்திருக்கிறது.

நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். எழுத்தே சொல்கிறது. நான் ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லை அண்ணை. நீங்கள் எழுதியதைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது மிச்சத்தைச் சொன்னால் பிள்ளை கூட்டத்தில் எழுந்து நின்று என்ன பேசுவாள்? மேலாளர் முகத்தில் எப்படி விழிப்பாள்? செப்டம்பர் முடியட்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அதற்குப் பிறகு நானே சொல்கிறேன்.

ஊராருக்கு உங்கள் கடிதத்தைக் காட்டுங்களேன். போனில் படம் இருக்கும்தானே. அதில் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் மெர்சி மச்சாளின் சுகம் எழுதவில்லை. அவசரத்தில் மறந்திருப்பீர்கள். மச்சாள் சுகமா?

உங்கள்,
கௌரி

~

கிங்ஸ்பரி
2025 ஆகஸ்ட் 17

அண்ணைக்கு,

உங்களுக்கு என்ன நடந்தது? இவ்வளவு நாளாக ஒரு வரி இல்லை. போன் அடித்தால் அந்தப் பெண்குரல் ஏதோ சொல்லிக் கட் பண்ணுகிறது. ரிவியில் ஆப்பிரிக்கா என்று சத்தம் கேட்டாலே குசினியிலிருந்து ஓடிவருகிறேன். யானை வந்ததா? ஊரார் ஏதும் செய்தார்களா? மச்சாளுக்குச் சுகமில்லையா?

கம்சிகா, "மாமா ஏன் எனக்குப் பதில் போடேல்லை" என்று கேட்டபடி. "அங்கை சிக்னல் இல்லை பிள்ளை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேச்சைப் பாடமாக்குகிறாள். எனக்குக் கேட்க ஏலாமல் இருக்கிறது.

பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன். ஒரு சொல் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கௌரி

~

2025 ஆகஸ்ட் 30

அன்புத் தங்கச்சிக்கு,

பயப்படாதே. கை கால் எல்லாம் இருக்கிறது. கொட்வின் இப்போது என் போனைக் கொண்டுபோவதில்லை. என்னைக் கண்டால் வழியை மாற்றிப் போகிறான். பருத்தி வாங்க வரும் லொறிக்காரனைக் கெஞ்சித்தான் உன் கடிதங்களை எடுத்தேன், இதையும் அனுப்புகிறேன்.

என் கடிதத்தைக் காட்டச் சொல்கிறாய். காட்டினேன். சுற்றி நின்று பார்த்தார்கள். சபைத் தலைவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்ல வடிவாக இருக்கிறது" என்றார். இந்த மாவட்டத்திலேயே தமிழ் வாசிக்க என்னைத் தவிர ஆளில்லை கௌரி. நான் வாசித்து இங்கிலீஷில் சொன்னால், தப்புவதற்கு நான் இட்டுக்கட்டுகிறேன் என்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது லண்டனில் அச்சடித்தது. என் கையில் இருப்பது கோழிக் கிறுக்கல்.

கம்பனி அடுத்த வருஷம் வராது என்று அறிவித்துவிட்டது. வேட்டைப் பருவம் முடிந்ததும் காவலர்களுக்கும் வேலை முடிகிறது. கொட்வினுக்கு ஐந்து பிள்ளைகள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டால் பொய் எழுதியது போல ஆகும். மெர்சி தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. "என்ரை ஆக்களுக்கு முன்னாலை நான் எந்தக் கதவால வெளியில போறது" என்பதுபோல அவளுடைய மொழியில் ஒன்று சொன்னாள். பானையையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் களி கிண்டிப் பழகுகிறேன், அடிப்பிடிக்கிறது.

செப்டம்பர் முடியட்டும் என்றாய். சரி. அந்தக் கதவு மூடக்கூடாது என்று எனக்கும் விளங்குகிறது. அவள் பேசி முடிக்கட்டும்.

அண்ணை

~

கிங்ஸ்பரி
2025 செப்டம்பர் 21

அன்புள்ள மாமா,

நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. நான் நலம் இல்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அம்மா எனக்கு வாசித்தார். "மாமா சுகமாம், மாமியும் சுகமாம், பருத்தி நல்ல விளைச்சலாம்." வாசித்து முடிக்க அரை நிமிஷமும் இல்லை. ஆனால் அம்மாவின் போனில் ஒரு தாள் நிறைய எழுத்து இருந்தது. "அம்மா, மிச்சம் எங்கை?" என்று கேட்டேன். அம்மா போனை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கதவைப் பூட்டவில்லை, அம்மா பயப்படுவார் என்று.

முதலில் அதை வாசித்தேன். பிறகு ஏப்ரல் கடிதத்தை. ஒவ்வொரு எழுத்தாக. "சுருக்குக் கம்பி" எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் பக்கத்தில் இருந்து அந்தச் சொல்லையும், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். அழுதுகொண்டே சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

முழுக் கடிதத்தையும் இங்கிலீஷில் எழுதினேன். எம்.பி.மாருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். முதலில் அனுப்பியது பாதி, பிழை என்னுடையது என்று எழுதினேன். மேலாளர், "இது எதிர்த் தரப்புக்கு நாங்களே கொடுத்த ஆயுதம்" என்றார். கூட்டத்தில் என்னைப் பேச விடவில்லை, வேறு ஒருவர் பேசினார். புரோபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள்.

அந்த ரோஸ் மூக்கை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது மாமா. ஒருவன் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக ஒரு சிங்கம் சாகக்கூடாது. இதில் நான் மாறவில்லை. ஆனால் கொட்வின் மாமாவுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்டேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை இதோடு அனுப்புகிறேன். அலுவலகம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. கீழே நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கூட்டத்தில் வாசியுங்கள். மெர்சி மாமிக்கும் வாசியுங்கள்.

அன்புடன்,
கம்சிகா

~

2025 நவம்பர் 16

அன்புத் தங்கச்சி கௌரிக்கும் மருமகள் கம்சிகாவுக்கும்,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? அவருடைய கண் எப்படி? கம்சிகா, உன் கடிதத்தில் இரண்டே பிழை. ஹரோ வகுப்பு வீண்போகவில்லை.

கிளினிக்கில் வேலை செய்யும் தாதி உன் மொழிபெயர்ப்பைக் கூட்டத்தில் வாசித்தாள். நான் வாசித்தால் சரிவராது என்று அவளிடம் கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் வந்த இடத்தில் சனம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. இனிமேல் அவர் எனக்கு நல்லது செய்வார் என்று எதிர்பார்க்க ஏலாது. காவலரைப் பற்றிய பக்கத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்கள்.

முடிந்ததும் கொட்வின் எழும்பி, "இரண்டு பாதியில் எது உங்களுடையது?" என்று கேட்டான். இரண்டும் என்றேன். பிறகு, "முதல் பாதியையும் அப்போதே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே. லண்டனுக்கு ஏன் சொன்னீர்கள்?" என்றான். தமிழில் எழுதினால் அது எங்களுக்குள் மட்டும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல.

மெர்சி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வரவில்லை. நாலைந்து நாள் கழித்துப் பானையோடு வந்தாள். "கூட்டத்தில் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்டாள். என் தங்கச்சிக்காக என்றேன். "எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்" என்றாள். கௌரி, அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் தலை நிமிரவில்லை. உனக்கும் அது சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பனி போய்விட்டது. கம்சிகா, உன் மொழிபெயர்ப்பு அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. காவலர்களுக்குக் கடைசிச் சம்பளமும் கொடுத்தாகிவிட்டது. அரசாங்கம் ஆள் அனுப்பும் என்கிறார்கள், வேறு கம்பனி வரும் என்கிறார்கள், ஒன்றும் காணோம். போன கிழமை ஆற்றோரம் முதல் சுருக்குக் கம்பியைக் கொட்வின் கண்டெடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மாங்காய்க் காலம். யானைகள் ஊருக்குள் வருகின்றன. வெடி இல்லை, சம்பளம் இல்லை, ஆனாலும் கொட்வின் தகரத்தைத் தட்டிக்கொண்டு போகிறான். கௌரி, உன் மிளகாய்த்தூளை யானைச் சாணியில் குழைத்து உருண்டை பிடித்துக் காயவைத்திருக்கிறோம். கொளுத்தினால் அந்தப் புகைக்கு யானை கிட்ட வராது. கறிக்கு அனுப்பினாய், ஊரைக் காக்கிறது. இன்னும் அனுப்பு.

இன்றைக்குப் பின்னேரம் கிளினிக் பக்கம் யானைக் கூட்டம் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு கொட்வின் தகரத்தோடு போனான். தகரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. மெர்சி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும், வந்து இருப்பதும், திரும்ப எழும்புவதுமாக இருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். எழுதி முடிய முழுதையும் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம், ஒரு வரியும் விடாமல்.

போனை இனித் திரும்பவும் கொட்வின்தான் கொண்டுபோவான். அவன் வந்தால்தான் இது ரவுணுக்குப் போகும். உங்கள் கைக்கு இது கிடைத்தால், அவன் வந்துவிட்டான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மெர்சி சுகம். உங்கள் சுகம் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அண்ணை